சுழல்துப்பாக்கியின் குழல்: செப்பனிடுவதா, மாற்றுவதா?



சென்ற மாதம் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டில் பயிலும் மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். முதல்நாள் இரவு அவன் தொலைக்காட்சியில் ஓர் அமெரிக்க நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறான். பழைய பொருள்களை வாங்கி விற்கும் கடையொன்றிற்கு ஒருவர் தம் தாத்தாவின் சுழல்துப்பாக்கியைக் கொண்டு வருகிறார். கடைக்காரர் அதன் குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறார். "குழல் புடைத்திருக்கிறது. இதைச் சரிசெய்ய முடியாது, வேறு குழல்தான் பொருத்த வேண்டும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பையனின் தந்தை எங்கள் தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்கிறவர். வளைந்த இரும்பை நிமிர்த்துவார். உடைந்த கைப்பிடியைப் பற்றவைப்பார். அவரிடம் போன பொருள் வேலைக்கு ஆகாது என்று திரும்பி வந்ததே இல்லை. ஆகவே பையன் கேட்டான்: "ஏன் சார், எங்க அப்பா மாதிரி ஒருத்தர் கிட்டக் கொடுத்தா தட்டிச் சரிபண்ண முடியாதா?"

நல்ல கேள்வி. இரும்பு, அழுத்தம், வெப்பம் ஆகிய மூன்றைப் பற்றியும் ஒரே நேரத்தில் கற்பிக்கக்கூடிய கேள்வி. இன்று அதற்குத்தான் விடை காணப் போகிறோம்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் மலேசியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றம். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டமும் இதில் சிறிதும் இடங்கொடுப்பதில்லை. ஆனால் அமெரிக்காவில், பழைய சுழல்துப்பாக்கிகள் பழைய கடிகாரங்களைப் போலக் கடைகளில் கைமாறுகின்றன. அவற்றைப் பழுது பார்ப்பது அங்கே ஒரு தனித்தொழில். நாம் பேசப்போவது அந்தத் தொழிலாளர்களின் அனுபவத்தைப் பற்றி. அதில் நமக்கும் பயன்படும் பாடம் ஒன்று இருக்கிறது.

முதலில் அந்தக் கருவியின் அமைப்பைப் பார்ப்போம். சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர் 1836ஆம் ஆண்டு தம் நாட்டில் சுழல்துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் ஒருமுறை சுட்டதும் மீண்டும் மருந்து இட்டுக் கெட்டிக்க வேண்டும். கோல்ட் செய்த துப்பாக்கியில் ஒரு சுழலும் உருளை இருந்தது. உருளையில் பல அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு வெடி. சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போது உருளை ஒரு படி சுழன்று, அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும். இன்று பெரும்பாலான சுழல்துப்பாக்கிகளில் ஆறு அறைகள் உண்டு. ஆனால் குழல் ஒன்றுதான். ஆறு அறைகளின் உழைப்பையும் அந்த ஒரே குழல் தாங்கியாக வேண்டும்.

ஆக மூன்று முக்கியப் பாகங்கள்: கையில் பிடிக்கும் சட்டகம், நடுவே சுழலும் உருளை, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழல். குழலின் பின்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். தண்ணீர்க் குழாயைத் திருகுவது போல அதைச் சட்டகத்தில் திருகிப் பொருத்தியிருப்பார்கள். உருளை சுழல வேண்டுமாதலால், உருளைக்கும் குழலுக்கும் இடையே மெல்லிய இடைவெளி ஒன்று விட்டிருப்பார்கள். அது ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். நாம் எழுதும் தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர் என்றால், இந்த இடைவெளி எவ்வளவு நுட்பமானது என்பதைக் கணித்துக்கொள்ளலாம்.

இனி, சுடும்போது நடப்பதைக் கவனிப்போம். தோட்டாவின் அடியில் உள்ள சிறு தீமூட்டியைச் சுத்தியல் தட்டுகிறது. உள்ளிருக்கும் மருந்து பற்றி எரிந்து சூடான வாயுவாகிறது. அந்த வாயு தோட்டாவின் முன்னிருக்கும் ஈய ரவையைத் தள்ளுகிறது. ரவை உருளையிலிருந்து புறப்பட்டு, அந்த மெல்லிய இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் நுழைகிறது. குழலின் பின்வாயைச் சற்று அகலமாக, எண்ணெய் ஊற்றும் புனலைப் போல, சரிவாகக் கடைந்திருப்பார்கள். ரவை சிறிது விலகி வந்தாலும் அந்தப் புனல்வாய் அதை நேர்ப்படுத்தி உள்ளே அனுப்பும்.

குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்காது. திருகாணியைப் போல வளைந்து செல்லும் பள்ளங்கள் அதில் வெட்டப்பட்டிருக்கும். ரவை அவற்றில் அழுந்திச் செல்வதால் சுழலத் தொடங்குகிறது. பம்பரம் சுழலும்வரை சாய்வதில்லை அல்லவா? அதே போல், சுழலும் ரவை காற்றில் தலைகுப்புறப் புரளாமல் நேராகச் செல்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தாரின் .38 சுழல்துப்பாக்கிகளில் ஐந்து பள்ளங்கள் வலப்பக்கமாகத் திரும்பும். கோல்ட் நிறுவனத்தாரின் துப்பாக்கிகளில் ஆறு பள்ளங்கள் இடப்பக்கமாகத் திரும்பும். முன்னதில் ரவை 18¾ அங்குலத்திற்கு ஒருமுறை சுற்றுகிறது. நான்கு அங்குலக் குழலுக்குள் அது கால் சுற்றுக்கூடச் சுற்றுவதில்லை. ஆனால் நொடிக்கு 800 அடி வேகத்தில் வெளியேறும்போது, நொடிக்கு ஏறக்குறைய 500 சுற்று என்ற கணக்கில் சுழல்கிறது! இந்தப் பள்ளங்கள் ரவையின் மேல் பதிக்கும் கீறல்களைக் கொண்டுதான் காவல்துறையின் ஆய்வுக்கூடத்தில் எந்தத் துப்பாக்கியிலிருந்து சுடப்பட்டது என்று கண்டறிகிறார்கள்.

அழுத்தத்திற்கு வருவோம். நம் வாகனச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு அளவில் இருக்கும். .38 ஸ்பெஷல் என்னும் தோட்டாவிற்கு அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வகுத்துள்ள உச்ச அளவு 17,000 பவுண்டு. அதாவது, சக்கரத்தில் உள்ளதைப் போல ஐந்நூறு மடங்குக்கும் மேல். 1935ஆம் ஆண்டு வெளிவந்த .357 மேக்னம் தோட்டாவிற்கு வகுத்துள்ள அளவு 35,000 பவுண்டு; ஆயிரம் மடங்குக்கும் மேல்! இந்த அழுத்தம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே நீடிக்கிறது. அதன் உச்சம் உருளையின் அறையிலும் அதையொட்டிய இடத்திலும்தான். ரவை முன்னே செல்லச் செல்ல வாயுவிற்கு இடம் கிடைப்பதால் அழுத்தம் குறைந்துவிடுகிறது. குழலின் முன்பகுதியைச் செய்கிறவர்கள் இந்தக் குறைந்த அழுத்தத்தைக் கருத்திற்கொண்டே அதன் கனத்தை முடிவு செய்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இவ்வளவு அழுத்தத்தை எஃகு எப்படித் தாங்குகிறது? விறைப்பாக நின்று தாங்குவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் மிகச் சிறிதளவு விரிந்து, மீண்டும் பழைய அளவுக்குச் சுருங்குகிறது. பாரத்திற்கு ஏற்ப ஒரு பொருள் நீள்கிறது என்ற விதியை இராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் 1678ஆம் ஆண்டு விளக்கி வெளியிட்டார். ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டியதில்லை. ரப்பர் நாடாவை இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு வருகிறது. எஃகும் அப்படித்தான், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு கம்பியைச் சிறிது வளைத்துவிட்டால் நிமிர்ந்துகொள்ளும். அதிகம் வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். அந்த எல்லையைத் தாண்டிய இரும்பு தானாகப் பழைய வடிவத்திற்குத் திரும்புவதில்லை. நாம் வலிந்து நிமிர்த்தினாலும், வளைந்த இடம் முன்னைவிடக் கடினமாகவும் நொறுங்கும் தன்மை உள்ளதாகவும் ஆகிவிடுகிறது. அதே இடத்தில் மாறி மாறி வளைத்தால் கம்பி துண்டாகிவிடுவதைச் சிறுவர்களும் அறிவார்கள்.

குழல் புடைப்பது எப்படி? தோட்டா செய்யும்போது எப்போதாவது ஒன்றில் மருந்து விழாமல் போய்விடுவதுண்டு. வீட்டிலேயே தோட்டாவிற்கு மருந்து நிரப்புகிறவர்களிடம் இந்தத் தவறு கூடுதலாக நேரும். அப்படிப்பட்ட தோட்டாவைச் சுட்டால் தீமூட்டி மட்டும் வெடிக்கும். "டப்" என்று ஒரு சிறு ஓசைதான் கேட்கும். ரவை குழலுக்குள் பாதிவழி சென்று சிக்கிக்கொள்ளும். தானே தோட்டா மாற்றிக்கொள்ளும் துப்பாக்கியாக இருந்தால், போதிய வேகமில்லாமையால் அதன் இயக்கம் அங்கேயே நின்றுவிடுவது வழக்கம். சுழல்துப்பாக்கி அப்படி நிற்பதில்லை. உருளையைச் சுழற்றுவது நம் விரல்தானே? மீண்டும் விசையை இழுத்தால் அடுத்த நல்ல தோட்டா தயாராக வந்து நிற்கும். சுடுகிறவர் அந்தச் சிறு ஓசையைக் கவனிக்காவிட்டால், இரண்டாவது ரவை முழு வேகத்தோடு வந்து முதல் ரவையின் முதுகில் மோதும்.

மோதிய கணத்தில் ரவையின் வேகம் தடைப்படுகிறது. மென்மையான ஈயம் பக்கவாட்டில் பிதுங்கிக் குழற்சுவரை அழுத்துகிறது. பின்னால் விரைந்து வந்த வாயுவும் அந்த இடத்தில் குவிகிறது. உருளையை ஒட்டி முடிந்திருக்க வேண்டிய பேரழுத்தம், அதற்காகச் செய்யப்படாத மெல்லிய இடத்தில் எழுகிறது. சற்றுமுன் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். எஃகு தன் எல்லையைத் தாண்டி விரிகிறது. குழலைச் சுற்றி ஒரு மோதிரம் போட்டாற்போல் புடைப்பு உண்டாகிறது. சில நேரம் குழல் பிளந்தும் போகிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல ரவைகள் அடைத்துக்கொண்ட குழல்களையும் பழுது பார்ப்பவர்கள் அறுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

வெளியே தெரியாத சிறு புடைப்பும் உண்டு. அதைக் காண, தோட்டா ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, உருளையைத் திறந்து வைத்து, ஒரு முனையில் வெள்ளைத் தாளை வைத்து மறுமுனை வழியாகப் பார்ப்பார்கள். நல்ல குழலில் பள்ளங்கள் ஒரே சீரான ஒளிக்கோடுகளாகத் தெரியும். புடைத்த குழலில் ஓரிடத்தில் கருநிற வளையம் ஒன்று நிழலாடும். தொலைக்காட்சியில் அந்தக் கடைக்காரர் கண்டது அந்த வளையத்தைத்தான்.

"வெளிப்பக்கம் தட்டி உள்ளே தள்ளிவிடலாமே?" என்று கேட்கலாம். தட்டினால் வெளித்தோற்றம் சரியாகும். ஆனால் அங்கே எஃகு ஏற்கெனவே விரிந்து மெலிந்திருக்கிறது, கடினப்பட்டும் இருக்கிறது. தட்டத் தட்டக் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டாகலாம். உள்ளே பள்ளங்களின் அளவும் திரும்பி வராது. பற்றவைத்து நிரப்பினாலோ, அந்தக் கடும் வெப்பம் எஃகின் பதத்தையே மாற்றிவிடும். கொல்லர் இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதன் நோக்கமே அந்தப் பதத்தைக் கொண்டு வருவதுதான். பற்றவைக்கும்போது ஓர் இடம் உருகி, அதன் பக்கத்து இடம் அரைகுறையாகச் சூடேறி, சுற்றுப்புறம் குளிர்ந்திருக்கும். ஒரே குழலில் மூவகை எஃகு! அடுத்த வெடியை எந்த இடம் தாங்கும், எது தாங்காது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தாய்மாமா ஒரு தோட்டத்துப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்தார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, காற்று அடைக்கும் பழைய இரும்புத் தொட்டி ஒன்று கசிகிறதென்று அவரிடம் வந்தது. உள்ளே துருப்பிடித்துச் சுவர் மெலிந்திருந்தது. "புதிதாக வாங்க நாளாகும், இப்போதைக்கு ஒட்டிக் கொடு" என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். மாமாவும் ஒட்டிக் கொடுத்தார். பற்றவைத்த கோடு அழகாக இருந்தது என்று பிறகு பலரும் சொன்னார்கள். காற்றை நிரப்பிச் சோதித்தபோது அந்தக் கோடு தாங்கியது. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளித் தொட்டி பிளந்தது. மாமாவின் இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. அதன்பின் அவர் இருபது ஆண்டுகள் அதே வேலையைச் செய்தார். அழுத்தம் ஏற்றும் எந்தப் பொருள் வந்தாலும், முதலில் அதன் சுவரை விரலால் தட்டிக் கேட்பார். ஐயம் தோன்றினால் எவர் சொன்னாலும் தொடமாட்டார். "என் வேலை நல்லாத்தான் இருந்துச்சு. இரும்புதான் சரியில்ல. அத நான் சொல்லியிருக்கணும்" என்பார்.

அப்படியானால் துப்பாக்கிக் குழலில் எந்தப் பழுதையுமே நீக்க முடியாதா? முடியும். உள்ளே படிந்த ஈயத்தையும் கரியையும் துலக்கி எடுக்கலாம். மேலோட்டமான துருவை நீக்கலாம். ஆழமாக அரித்த குழிகள் போகா, ஆனால் அவை சிறிதளவே இருந்தால் குழல் தொடர்ந்து உழைக்கும். ரவை வெளியேறும் வாய்விளிம்பில் அடிபட்டிருந்தால் அதையும் கடைந்து சீராக்கலாம். இது மிகச் சிறிய வேலை, பயனோ பெரிது. ரவை குழலை விட்டு நீங்கும் கணத்தில் வாயு அதைச் சுற்றிலும் ஒரே சமமாக வெளியேற வேண்டும். விளிம்பில் ஒரு பக்கம் பொளிந்திருந்தால் வாயு அப்பக்கமாகப் பீறிட்டு ரவையின் வாலைத் தள்ளிவிடும், குறி தவறும். இவையெல்லாம் எஃகின் வலிமையைத் தொடாத பழுதுகள். ஆகவே செப்பனிடலாம்.

வலிமையைத் தொடும் பழுதுக்கு உண்மையான எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். 1955ஆம் ஆண்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஒரு புதிய சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. அமெரிக்க எல்லைக் காவற்படையைச் சேர்ந்த பில் ஜோர்டன் என்பவர் அதற்காக மிகவும் வற்புறுத்தினார். நாள் முழுதும் இடுப்பில் சுமக்கக்கூடிய இலேசான துப்பாக்கி, ஆனால் வலிமை மிக்க .357 மேக்னம் தோட்டாவைச் சுட வேண்டும் என்பது அவருடைய கருத்து. .38 ஸ்பெஷல் தோட்டாவிற்காகப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வந்த நடுத்தரச் சட்டகத்திலேயே அதைச் செய்தார்கள். பின்னர் அதற்கு மாடல் 19 என்று எண்ணிட்டார்கள். காவலர்களிடையே அது பெரும் புகழ் பெற்றது.

ஆனால் அதில் ஓர் இடம் நலிந்திருந்தது. உருளையைத் தாங்கும் கை மடங்கி வந்து பொருந்துவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக, குழலின் புனல்வாயை அடிப்பக்கத்தில் தட்டையாகச் சீவியிருந்தார்கள். கடிகார முகத்தில் ஆறு மணி இருக்கும் இடம் அது. அங்கே சுவர் மெல்லியது. பயிற்சிக்கு .38 தோட்டாவையும், பணியில் மட்டும் மேக்னம் தோட்டாவையும் பயன்படுத்திய காலத்தில் தொல்லை இல்லை. பிறகு பயிற்சியிலும் முழு வலிமைத் தோட்டாக்களே வந்தன. அதிலும் சுமார் 8 கிராம் எடையுள்ள இலேசான ரவையை மிகு வேகத்தில் செலுத்தும் தோட்டாக்கள் பரவின. சூடான வாயு புனல்வாயை அரித்தது. அரித்த மெல்லிய இடத்தில், சரியாக ஆறு மணித் திசையில், சில துப்பாக்கிகளில் விரிசல் கண்டது. 1980களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் இதைவிடச் சற்றுப் பெரிய சட்டகத்தில் வேறு துப்பாக்கிகளைக் கொண்டு வந்தது. அவற்றின் புனல்வாய் முழுவட்டமாக, கனத்த சுவரோடு இருந்தது. அளவைக் கூட்டியே அப்போது இந்தக் குறைக்குத் தீர்வு கண்டார்கள்.

புனல்வாய் அரிக்கப்பட்டு, ஆனால் விரிசல் விடாமல் இருந்தால் தேர்ந்த தொழிலாளி ஒரு வழி செய்வார். குழலைக் கழற்றி, லேத் இயந்திரத்தில் அதன் தோள்பகுதியைச் சிறிது கடைவார். எவ்வளவு கடைவது? இங்கேதான் கணக்குப் பாடம் வருகிறது. அந்தக் குழலின் மரையில் ஓர் அங்குலத்திற்கு 36 சுற்றுகள். ஆகவே ஒரு முழுச் சுற்று என்பது 1/36 அங்குலம்; ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். சரியாக அந்த அளவு கடைந்தால்தான் குழல் இன்னும் ஒரு முழுச் சுற்று உள்ளே சென்று, அதன் மேலிருக்கும் குறி மீண்டும் உச்சியில் வந்து நிற்கும். அரைச் சுற்று மட்டும் போனால் குறி அடிப்பக்கம் வந்துவிடும் அல்லவா? பிறகு பின்முனையில் கூடுதலாக நீட்டியதை அறுத்து, இடைவெளியைச் சீராக்கிப் புனல்வாயைப் புதிதாகக் கடைவார். விரிசல் விட்டுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். புதுக் குழல்தான்.

புதுக் குழல் பொருத்துவதும் தண்ணீர்க் குழாய் மாற்றுவது போன்றதன்று. பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கிகளில் குழல் திரும்பிவிடாதபடி குறுக்கே ஒரு சிறு ஆணி அடித்திருப்பார்கள். 1982 வாக்கில் அந்த முறையைக் கைவிட்டார்கள். அந்த ஆணி இருப்பதை அறியாமல் குழலைத் திருகுகிறவர் மரையையே கெடுத்துவிடுவார். இன்னும் சிலர், உருளை இருக்கும் சாளரத்தில் மரக்கட்டை ஒன்றை நுழைத்து நெம்பிக் குழலைத் திருகுவார்கள். குழல் கழன்றுவிடும், சட்டகமும் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய சட்டகத்திற்கு மருந்து இல்லை. குழலைக் காப்பாற்றப் போய்த் துப்பாக்கியையே இழந்த கதை அது. ஆகவே தொழிலறிந்தவர்கள், அந்தச் சட்டகத்தின் வடிவத்திற்கென்றே செய்த அச்சுக்கட்டைகளில் அதை இறுக்கிப் பிடித்த பிறகே குழலில் கை வைப்பார்கள்.

பொருத்தியபின் சோதனைகள் உண்டு. இடைவெளியை மெல்லிய அளவுத் தகடுகளால் அளப்பார்கள். மிகக் குறுகினால், சூட்டில் விரிந்தும் கரி படிந்தும் உருளை சுழலாமல் இறுகும். மிக அகன்றால், வாயு பக்கவாட்டில் பீறிட்டு வலிமை வீணாகும். அருகில் நிற்பவர்க்கும் ஆபத்து. அடுத்து, குழலின் உள்ளளவுக்குச் சரியாகக் கடைந்த நேரான கோல் ஒன்றை முன்வாய் வழியாக விட்டு, அது ஆறு அறைகளுக்குள்ளும் தடையின்றி நுழைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஐந்தில் நுழைந்து ஒன்றில் முட்டினாலும் வேலை முடியவில்லை என்றுதான் பொருள்.

இத்தனை இடர்ப்பாடு எதற்கு, குழலை உரியவரே மாற்றிக்கொள்ளும்படி செய்தால் என்ன என்று சிந்தித்தவர்களும் உண்டு. 1968ஆம் ஆண்டு டான் வெஸ்ஸன் என்னும் நிறுவனம் தோன்றியது. அது செய்த சுழல்துப்பாக்கியில் குழல் இரண்டு உறுப்புகளாக இருந்தது. உள்ளே மெல்லிய எஃகுக் குழல். மேலே ஓர் உறை. முன்வாயில் ஒரு மரைச்சுரை. உள்குழலைச் சட்டகத்தில் திருகி, இடைவெளியை உடன் கொடுத்த அளவுத் தகட்டால் சரிபார்த்து, உறையை மாட்டிச் சுரையை இறுக்கினால் வேலை முடிந்தது. குறி உறையின் மேல் இருப்பதால், அது உச்சியில் நிற்க வேண்டுமே என்று குழலை நெம்ப வேண்டியதில்லை. இரு முனையிலும் பிடிக்கப்பட்ட உள்குழல், முறுக்கேற்றிய வீணைத் தந்தி போல விறைப்பாக நிற்கும். பின்னாளில் வேறு நிறுவனங்களும் இரண்டு உறுப்புக் குழல்களைக் கையாளத் தொடங்கின.

சரி, பொருத்திய குழல் தாங்கும் என்பதற்கு யார் பொறுப்பு? இங்கிலாந்தில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. இலண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கம் 1637ஆம் ஆண்டு அரச பட்டயம் பெற்றது. பர்மிங்ஹாம் நகரில் 1813ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின்படி ஒரு சோதனைச்சாலை நிறுவப்பட்டது. ஒவ்வொரு துப்பாக்கியையும் வழக்கமான அளவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல் அழுத்தமுள்ள தோட்டாவால் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால், பிறகும் அளந்து பார்த்துப் புடைப்போ விரிசலோ இல்லையென்றால், எஃகில் முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாததை விற்பது குற்றம். வலிமையைக் குறைக்கும்படி பழுதுபார்த்தால் பழைய முத்திரை செல்லாது. மீண்டும் சோதிக்க வேண்டும். செய்தவரே சோதித்துக்கொள்ளாமல், வேறொருவர் சோதிக்க வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. அமெரிக்காவில் இப்படிச் சட்டப்படியான அரசாங்கச் சோதனைச்சாலை கிடையாது. தயாரிப்பாளர்கள் தாங்களே சோதித்துக்கொள்கிறார்கள். ஆகவே அங்கே பழைய துப்பாக்கி கைமாறும்போது, பழுதுபார்ப்பவரின் நேர்மைதான் முத்திரையாக இருக்க வேண்டியிருக்கிறது.

அந்த நேர்மைக்குச் சோதனையும் அடிக்கடி வருகிறது. முதலில் வந்த மாடல் 19இன் உற்பத்தி 1999ஆம் ஆண்டு நின்றது. 2018இல் அதே பெயரில் புதியது வந்தாலும், அதன் குழல் இரண்டு உறுப்பு முறையில் அமைந்தது. பழையதற்கு ஏற்ற குழல்கள் அரிதாகிவிட்டன. விரிசல் விட்ட துப்பாக்கியோடு ஒருவர் வந்து, "என் தந்தை காவல் பணியில் வைத்திருந்தது, எப்படியாவது சுடும்படி செய்து கொடுங்கள்" என்று கேட்கிறார். விரிசலை மேலோட்டமாக நிரப்பி மெருகிட்டுக் கொடுத்தால் பணம் கிடைக்கும். சில முறை சுடவும் செய்யும். நல்ல தொழிலாளி அதைச் செய்வதில்லை. "நல்ல குழல் கிடைத்தால் கொண்டு வாருங்கள். அதுவரை இதைச் சுடாமல் நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார். வந்தவர் மனவருத்தத்தோடுதான் போவார். ஆனால் இரண்டு கைகளோடு போவார்.

மாணவச் செல்வங்களே, உங்களில் எவரும் சுழல்துப்பாக்கியைப் பழுதுபார்க்கப் போவதில்லை. ஆனால் அழுத்தத்தை அடக்கி வைக்கும் பொருள்கள் நம் வீடுகளிலும் உண்டு. அடுப்பங்கரையில் கேஸ் தோம்பு இருக்கிறது. பிரஷர் குக்கர் இருக்கிறது. பட்டறையில் காற்றுத் தொட்டி இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் பிரேக் இருக்கிறது. இவற்றில் ஒன்று பழுதானால் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பழுது தோற்றத்தைக் கெடுத்ததா, வலிமையைக் கெடுத்ததா? சரிசெய்தபின் அது தாங்கும் என்று யார், எப்படிச் சோதிப்பார்? முதற்கேள்விக்கு "வலிமையை" என்பது விடையானால், இரண்டாவதற்கு விடையே இல்லையானால், அந்தப் பொருளை மாற்றத்தான் வேண்டும்.

என்னைக் கேள்வி கேட்ட பையனிடம் இவற்றையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். மறுநாள் காலை அவன் என் மேசைக்கு வந்தான். "அப்பாகிட்ட கேட்டேன் சார். அவரும் சில சாமானைத் திருப்பி அனுப்பிடுவாராம். அந்தக் கணக்கை வீட்டில் சொன்னதில்லையாம்" என்றான். அவன் தந்தையின் கைத்திறனைப் பற்றி நான் முன்பே அறிவேன். அன்றுதான் அவரை முழுமையாக அறிந்துகொண்டேன். என் மாமாவுக்கு இரண்டு விரல்களை விலையாகக் கொடுத்துக் கிடைத்த அறிவு, அவருக்கு விரல்கள் பத்தும் இருக்கும்போதே கிடைத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் அப்படியே கிடைக்கட்டும்.